வானத்தை அளந்த வாத்தியக்காரர்

ஒருவருக்குக் கை நிறையச் சம்பாத்தியம். ஊரில் நல்ல பெயர். பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் அவரிடம் சங்கீதம் கற்றுக்கொள்ளக் காத்திருக்கிறார்கள். வயதோ 43 ஆகிவிட்டது. அந்த வயதில் அவர் வேலையை விட்டுவிடுகிறார். எதற்காக? இரவெல்லாம் விழித்திருந்து நட்சத்திரம் பார்ப்பதற்காக! வருமானத்தில் பாதி போய்விடும் என்று தெரிந்தே விடுகிறார்.

நம் வீட்டில் யாராவது இப்படிச் செய்தால் என்ன சொல்வோம்? புத்தி கெட்டுவிட்டது என்போம். பெரியவர்களைக் கூட்டி வந்து புத்தி சொல்லச் சொல்வோம்.

1782-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இப்படிச் செய்தவர் வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தவர் என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி படித்திருப்போம். அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பத்தின் கதை அடங்கியிருக்கிறது. அவருக்கு ஒரு தங்கை உண்டு. கதையில் பாதி அவளுடையது.

பட்டாளத்து வாத்தியக்காரர் மகன்

ஹெர்ஷல் பிறந்தது ஜெர்மனியில் உள்ள ஹானோவர் நகரில். 1738-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி பிறந்தார். தகப்பனார் ஐசக், பட்டாளத்து பாண்டு கோஷ்டியில் குழல் வாசிப்பவர். பிள்ளைகள் எல்லோருக்கும் சங்கீதம் சொல்லிக் கொடுத்தார். வில்லியமும் 14 வயதில் அதே கோஷ்டியில் சேர்ந்தார்.

1757-ல் பிரெஞ்சுப் படைகளோடு யுத்தம் வந்தது. ஹானோவர் படை தோற்றது. வாத்தியக்காரப் பையன் யுத்தகளத்தில் என்ன செய்வான்? பெற்றோர் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் பட்டாளத்திலிருந்து ஓடிப்போனவர் என்றும், பிற்காலத்தில் அரசர் அவரை மன்னித்துப் பத்திரம் கொடுத்தார் என்றும் சில புத்தகங்களில் எழுதியிருக்கிறது. கேட்க ரசமாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. 1762-லேயே அவருக்கு முறைப்படி விடுதலைச் சீட்டு வந்துவிட்டது.

இங்கிலாந்தில் முதலில் இசைக் குறிப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். பிறகு ஊர் ஊராக அலைந்தார். 1766-ம் ஆண்டின் கடைசியில் பாத் என்ற நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அவற்றில் குளிப்பதற்காகப் பணக்காரர்கள் குடும்பத்தோடு வந்து தங்குவார்கள். பணக்காரர்கள் இருக்கும் இடத்தில் சங்கீதத்துக்குக் குறைவு உண்டா? புதிதாகக் கட்டிய ஆக்டகன் என்ற தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் உத்தியோகம் ஹெர்ஷலுக்குக் கிடைத்தது. கச்சேரிகள் நடத்தினார். வீடு வீடாகப் போய்ப் பாடம் சொன்னார். சில வாரங்களில் 35 பாடங்களுக்கு மேல் சொல்லிக் கொடுத்தாராம்.

தங்கை வந்தாள்

ஹானோவரில் அவருடைய தங்கை கரோலின் வீட்டு வேலைக்காரி போல் உழைத்துக் கொண்டிருந்தாள். அண்ணனைவிட 11 வயது இளையவள். பத்து வயதில் விஷக் காய்ச்சல் வந்து உடம்பின் வளர்ச்சி நின்றுபோயிற்று. உயரம் நாலேகால் அடிதான். இவளுக்குக் கலியாணம் ஆகாது, வீட்டிலேயே கிடக்கட்டும் என்று தாயார் முடிவு செய்துவிட்டார். படிப்பு வேண்டாம், சமையலும் தையலும் தெரிந்தால் போதும் என்பது அந்த அம்மாளின் கட்டளை.

1772-ல் ஹெர்ஷல் ஊருக்குப் போய்த் தங்கையை அழைத்து வந்தார். தாயார் சும்மா விடவில்லை. மகள் போய்விட்டால் வேலைக்கு ஆள் வேண்டுமே! வேலைக்காரி வைத்துக்கொள்ள வருஷா வருஷம் பணம் அனுப்புவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே அனுப்பினார்.

பாத் நகரில் அண்ணன் தங்கைக்கு ஆங்கிலமும் கணக்கும் பாட்டும் சொல்லிக் கொடுத்தார். சாப்பாட்டு மேஜையில்தான் பாடம். பெருக்கல் வாய்ப்பாடு மட்டும் அவளுக்கு மனப்பாடம் ஆகவே இல்லை. கடைசி வரையில் அதை ஒரு தாளில் எழுதிக் கூடவே வைத்திருந்தாள் என்று சொல்வார்கள். பாட்டு நன்றாக வந்தது. சில வருஷங்களில் பெரிய கச்சேரிகளில் தனியாக நின்று பாடும் அளவுக்குத் தேறிவிட்டாள். வெளியூரிலிருந்துகூட அழைப்பு வந்தது. அண்ணன் நடத்தாத கச்சேரியில் பாட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

வீடு பட்டறை ஆயிற்று

இதற்கிடையில் அண்ணனுக்கு வேறு ஒரு பைத்தியம் பிடித்தது. சங்கீத சாஸ்திரம் பற்றி ராபர்ட் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்தைப் படித்தார். அதே ஆசிரியர் கண்ணாடிகளைப் பற்றி எழுதிய புத்தகம் கையில் கிடைத்தது. அதிலிருந்து டெலஸ்கோப், டெலஸ்கோப்பிலிருந்து நட்சத்திரம்! 1773-ல் ஒரு சிறிய டெலஸ்கோப்பை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார். போதவில்லை. பெரியது வாங்கலாம் என்றால் விலை எட்டவில்லை. நாமே செய்துவிடுவோம் என்று தீர்மானித்தார். பொழுதுபோக்காகக் கண்ணாடி தேய்த்து வந்த ஒருவர் அதை விட்டுவிட, அவருடைய கருவிகளை விலைக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த மாதிரி டெலஸ்கோப்பில் முக்கியமான பாகம், குழிந்த கண்ணாடி. தூரத்து வெளிச்சத்தைத் திரட்டி ஓரிடத்தில் குவிப்பது அதுதான். கண்ணாடி பெரிதாக ஆக, வெளிச்சமும் அதிகமாகக் கிடைக்கும். மங்கலான நட்சத்திரமும் தெரியும். அக்காலத்தில் அதைச் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்துச் செய்தார்கள். நம் வீட்டு வெண்கலப் பானையிலும் அதே இரண்டு உலோகங்கள்தான். கலக்கும் அளவு வேறு. வார்த்த தகட்டைத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரியும்படி பளபளப்பாக்க வேண்டும். தலைமயிரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் நட்சத்திரம் கலங்கித் தெரியும்.

மெருகேற்றும்போது நடுவில் கையை எடுத்தால் காரியம் கெட்டுவிடும் என்பது ஹெர்ஷலின் எண்ணம். ஒரு தடவை 16 மணி நேரம் கையை எடுக்காமல் தேய்த்தார். தங்கை பக்கத்தில் நின்று சோற்றை வாயில் ஊட்டினாள். அலுப்புத் தெரியாமல் இருக்க அரபுக் கதைகளைப் படித்துக் காட்டினாள்.

வீடு முழுவதும் பட்டறை ஆகிவிட்டது. விருந்தாளிகள் உட்காரும் கூடத்தில் தச்சர் குழாய் செய்தார். படுக்கை அறையில் இன்னொரு சகோதரர் அலெக்சாண்டர் கடைசல் இயந்திரம் வைத்தார். கச்சேரிக்குப் போட்டுக்கொள்ளும் ஜரிகைச் சட்டையோடேயே ஹெர்ஷல் வேலையில் இறங்கிவிடுவார். சட்டை கிழியும், கீல் ஒட்டும்.

1781 ஆகஸ்டில் மூன்றடி அகலக் கண்ணாடி வார்க்கத் துணிந்தார்கள். அச்சுக்குக் குதிரைச் சாணம் வேண்டும். அதை இடித்துச் சலித்தவள் மேடையில் பாடிய கரோலின்தான். முதல் முறை வார்த்தது ஆறும்போது வெடித்துப் போயிற்று. இரண்டாம் முறை உலையே ஒழுகியது. கொதிக்கும் உலோகம் கல் தரையில் ஓட, கற்கள் பட்டாசு போல் வெடித்து மேலே பறந்தன. எல்லோரும் உயிர் தப்பி வெளியே ஓடினார்கள். அந்த வீடு இப்பொழுது காட்சிச் சாலையாக இருக்கிறது. வெடித்த கல் தரையை இன்றும் பார்க்கலாம்.

சனிக்கு அப்பால்

அந்த விபத்துக்குச் சில மாதம் முன்பே ஹெர்ஷலின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவத் தொடங்கியிருந்தது. 1781 மார்ச் 13-ந் தேதி, இரவு பத்து மணிக்கு மேல். வீட்டுத் தோட்டத்தில் ஏழு அடி டெலஸ்கோப்பை வைத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் கொண்டிருந்தார். ஒன்று மட்டும் மற்றவை போல் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாகத் தெரிந்தது. நாலு நாள் கழித்துப் பார்த்தால் இடம் மாறியிருந்தது. வால் நட்சத்திரம் என்று நினைத்து அறிவித்தார். மற்ற நாட்டுக் கணித சாஸ்திரிகள் கணக்குப் போட்டார்கள். அது வால் நட்சத்திரம் அல்ல, சூரியனைச் சுற்றும் ஒரு புதிய கிரகம் என்று தெரிந்தது.

நம் பஞ்சாங்கத்தில் புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி என்று ஐந்து கிரகங்கள் உண்டல்லவா? உலகத்து ஜனங்கள் எல்லோருக்கும் ஆதிகாலம் முதல் தெரிந்தவை அந்த ஐந்துதான். சனியே கடைசி. புதிய கிரகமோ சனி இருக்கும் தூரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் இருந்தது. சூரியனை ஒரு தடவை சுற்றி வர அதற்கு 84 வருஷம் ஆகிறது. சரித்திரம் தெரிந்த நாள் முதல் யாரும் புதிதாக ஒரு கிரகத்தைக் கண்டுபிடித்தது கிடையாது. கண்டுபிடித்தவர் ஒரு சங்கீத வாத்தியார்!

அதற்கு யுரேனஸ் என்ற பெயர் பிறகு வந்தது. ஹெர்ஷல் வைத்த பெயர் வேறு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை வைத்தார். மன்னரும் ஹானோவர் வம்சத்தவர்தான். ஹெர்ஷலுக்குக் காரியமும் தெரிந்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசர் கொடுத்த சம்பளம்

புகழ் வந்தது. பாடம் நிற்கவில்லை. பகலில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுப்பார், இரவில் டெலஸ்கோப். கச்சேரி இடைவேளையில்கூட வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்ப்பார் என்பார்கள். இரண்டு குதிரையில் எத்தனை நாள் சவாரி செய்ய முடியும்?

1782 மே மாதம் ஒரு திருநாளன்று தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தார். அவர் அந்த ஊரில் ஆர்கன் வாசித்தது அதுவே கடைசித் தடவை. பிறகு டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் போனார். கிரீனிச் நகரில் அரசாங்க வான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கிருந்த கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாத்தியார் வீட்டில் செய்த டெலஸ்கோப்தான் உயர்ந்தது என்று தெரிந்தது. ஜூலையில் அரச குடும்பத்தார் அதன் வழியே வானத்தைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

மன்னர் அவருக்கு வருஷம் 200 பவுன் சம்பளம் கொடுக்க இசைந்தார். வின்ட்சர் அரண்மனைக்குப் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். அழைத்தபோது வந்து அரச குடும்பத்தாருக்கு வானத்தைக் காட்ட வேண்டும். வேறு வேலை கிடையாது. பாத் நகரில் அவர் சம்பாதித்து வந்ததில் இது பாதி அளவே. சம்பளம் எவ்வளவு என்று வில்லியம் வாட்சன் என்ற நண்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னார். எந்த மன்னரும் இவ்வளவு மலிவாகப் பெருமையை விலைக்கு வாங்கியதில்லை என்று அவர் வருந்தினாராம். மற்றவர்கள் கேட்டபோது, அரசர் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார் ஹெர்ஷல்.

அவர் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒப்புக்கொண்டார். பாட்டுக்காரியாக அப்பொழுதுதான் பெயர் எடுத்து வந்த தங்கையின் கச்சேரி வாழ்வும் அத்தோடு முடிந்தது. உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

முட்டையும் பன்றிக் கறியும்

1782 ஆகஸ்டில் டாட்செட் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். வீடு பெரியது, ஆனால் பாழடைந்தது. சுவர் எல்லாம் ஈரம். தோட்டத்தில் ஆள் உயரம் புல். கடைக்குப் போன கரோலின் விலையைக் கேட்டுத் திகைத்துப் போனாள். பாத் நகரத்தைவிட எல்லாம் விலை அதிகம். சம்பளமோ பாதி! அண்ணன் சிரித்தார். கிராமத்துக்கு வந்துவிட்டோமே, முட்டையும் உப்பிட்ட பன்றிக் கறியும் மலிவாகக் கிடைக்கும், அதைத் தின்று காலம் தள்ளலாம் என்று சமாதானம் சொன்னார். குடும்பம் நடத்துகிறவளுக்குத்தானே கஷ்டம் தெரியும்?

அண்ணன் ஒரு சிறிய டெலஸ்கோப்பைக் கொடுத்து, வால் நட்சத்திரம் தென்படுகிறதா பார் என்று அவளைத் தனியே உட்கார வைத்தார். பனி படிந்த புல்வெளி. கூப்பிட்டால் ஏன் என்று கேட்க ஆள் இல்லை. முதல் சில மாதம் அவளுக்கு அது பிடிக்கவே இல்லை. தன் குறிப்பில் ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறாள்.

பிறகு இருபது அடி டெலஸ்கோப் வேலை தொடங்கியது. அண்ணன் உயரத்தில் நின்று பார்த்ததைச் சத்தமாகச் சொல்வார். தங்கை ஜன்னல் ஓரத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தோடு எழுதிக்கொள்வாள். மறுநாள் பகலில் கணக்குப் போட்டு நகல் எடுப்பாள். குளிரில் மசி உறைந்துபோகும். ஆற்றுப் பக்கமாதலால் குளிர் காய்ச்சல் பயம் வேறு. ஹெர்ஷல் பச்சை வெங்காயத்தை முகத்திலும் கையிலும் தேய்த்துக்கொண்டு வெளியே போவாராம்!

1783 டிசம்பர் 31 இரவு. தரையில் ஓர் அடிக்குப் பனி. மேகம் விலகியது. சீக்கிரம் ஆகட்டும் என்று அண்ணன் மேலிருந்து அவசரப்படுத்தினார். இருட்டில் ஓடிய கரோலின் பனியில் சறுக்கி விழுந்தாள். அங்கே கசாப்புக் கடைக் கொக்கி போல் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. அது முழங்காலுக்கு மேல் தொடையில் குத்தி மாட்டிக்கொண்டது. தூக்கியபோது சதை பிய்ந்து கொக்கியோடு நின்றுவிட்டது. காயம் ஆற வெகு நாள் ஆயிற்று. அன்றிரவு மறுபடி மேகம் மூடிவிட்டதால் அண்ணனுக்கு வேலை நஷ்டம் இல்லை என்று அவள் ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

மறுபடியும் ஒரு பக்கத் தொழில்

200 பவுனில் குடும்பம் நடந்தால் டெலஸ்கோப்புக்கு எங்கே போவது? ஹெர்ஷல் டெலஸ்கோப் செய்து விற்கத் தொடங்கினார். மன்னரே சிலவற்றுக்கு உத்தரவு கொடுத்தார். பிற்காலத்தில் ஸ்பெயின் நாட்டு மன்னர் ஒரு டெலஸ்கோப்புக்கு 3,150 பவுன் கொடுத்தார். வயிற்றுக்குச் சங்கீதம், மனசுக்கு நட்சத்திரம் என்று இருந்தவர் அதை விட்டு வந்தார். இங்கே வயிற்றுக்கு வேறு ஒரு தொழில் வந்து பகலைப் பிடித்துக்கொண்டது. வித்தியாசம் என்னவென்றால், விற்பதற்காகத் தேய்த்த ஒவ்வொரு கண்ணாடியும் அடுத்த கண்ணாடிக்குக் கையைப் பழக்கியது.

டாட்செட் ஈரம் தாங்காமல் 1785-ல் வேறு வீடு மாறினார்கள். அந்த வீட்டுக்கார அம்மாளோடு ஒத்துப்போகவில்லை. 1786 ஏப்ரலில் ஸ்லோ என்ற ஊருக்கு மாறினார்கள். பழைய வீட்டின் கடைசி இரவில் விடியும் வரை வானத்தைப் பார்த்தார்கள். மறுநாள் மாலை புது வீட்டில் டெலஸ்கோப் தயாராக நின்றது. வீடு மாற்றியதற்காக ஓர் இரவைக்கூட வீணாக்கவில்லை.

அவ்வருஷம் ஆகஸ்டு முதல் தேதி, அண்ணன் ஜெர்மனிக்குப் போயிருந்தபோது, கரோலின் தன் சொந்த முயற்சியில் ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டாள். 1797-க்குள் எட்டு கண்டாள். 1787-ல் மன்னர் அவளுக்கும் வருஷம் 50 பவுன் சம்பளம் ஏற்படுத்தினார். முதல் தவணை கைக்கு வந்தபோது அவள் வயது 37. தன் இஷ்டப்படி செலவு செய்யத் தன் வாழ்நாளில் கிடைத்த முதல் பணம் அதுதான் என்று எழுதியிருக்கிறாள்.

மறு வருஷம் ஹெர்ஷல், மேரி பிட் என்ற வசதியுள்ள விதவையை மணந்தார். பணக் கவலை தீர்ந்தது. அதுவரை வீட்டை நடத்திய தங்கை தனியாக அறை பிடித்துக்கொண்டு போனாள். வேலைக்கு மட்டும் தவறாமல் வந்தாள். அந்தப் பத்து வருஷத்து நாட்குறிப்பைப் பிற்காலத்தில் அவளே அழித்துவிட்டாள். அண்ணியும் அவளும் பிறகு அன்பாகத்தான் இருந்தார்கள்.

நாற்பது அடிக் குழாய்

மன்னர் கொடுத்த 4,000 பவுனைக் கொண்டு நாற்பது அடி நீள டெலஸ்கோப் ஒன்று 1789-ல் முடிந்தது. கண்ணாடியின் அகலம் மட்டும் நாலு அடி. முடியும் முன்பே, தரையில் கிடந்த குழாய்க்குள் விருந்தாளிகள் நடந்து பார்த்தார்கள். மன்னர் ஒரு பெரிய மத குருவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு, மோட்சத்துக்கு வழி காட்டுவதாக வேடிக்கை செய்தாராம். ஊரெல்லாம் அதைப் பார்க்க வந்தது. ஆனால் அதைக் கையாளுவது பெரும்பாடு. நல்ல வேலையெல்லாம் செய்தது பழைய இருபது அடிதான்.

அதைக் கொண்டு அண்ணனும் தங்கையும் இருபது வருஷம் வானத்தைக் கோடு கோடாகத் துழாவினார்கள். வானத்தில் பஞ்சு போல் மங்கலாகத் தெரியும் மேகக் கூட்டங்கள் அவர்களுக்கு முன் நூறு மட்டுமே பட்டியலில் இருந்தன. அவர்கள் 2,500 சேர்த்தார்கள். சூரியனே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஹெர்ஷல் 1783-ல் காட்டினார். 1800-ல் வெயிலை ஏழு நிறமாகப் பிரித்துத் தெர்மாமீட்டர் வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில், சூடு அதிகமாக இருந்தது!

1816-ல் சர் பட்டம் வந்தது. 1822 ஆகஸ்டு 25-ந் தேதி காலமானார். அவருக்கு வயது 83. அவர் கண்டுபிடித்த கிரகம் சூரியனை ஒரு தடவை சுற்றும் காலத்துக்கு ஏறக்குறைய அது சரியாக இருக்கிறது.

அண்ணன் போன சில வாரங்களில் கரோலின் அம்மையார் ஹானோவருக்குத் திரும்பினார். அப்பொழுது 72 வயது. அங்கே உட்கார்ந்து அந்த 2,500 மேகக் கூட்டங்களையும் வரிசைப்படுத்தி ஒரு புதிய பட்டியல் எழுதினார். அண்ணன் மகன் ஜான் அவற்றை மறுபடி பார்த்துச் சோதிக்க அது உதவியது. 1828-ல் லண்டன் வான சாஸ்திர சங்கம் அவருக்குத் தங்க மெடல் அளித்தது. 1848 ஜனவரி 9-ந் தேதி, 97-வது வயதில் இறந்தார். அவர் விருப்பப்படி பெட்டிக்குள் இரண்டு பொருள்களை வைத்தார்கள். ஒன்று, தகப்பனார் உபயோகித்த பழைய பஞ்சாங்கம். மற்றொன்று, அண்ணன் தலைமயிரில் ஒரு கொத்து.